பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

ஜக்கம்மாள் அத்தை அலறிக்கொண்டிருந்தாள். நான் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஜீப்பு மேட்டுப் பக்கத்துப் பாறையில் உரசி, ஒரு சக்கரம் ஓடைக்குள் இறங்கி, சாய்ந்து நின்றிருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து எழுந்து, அலறல் வந்த பக்கம் ஓடினார்கள். டிரைவர் மாரீஸ்வரன் அண்ணன், கதவு திறக்காததால் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார். அம்மாவும் ஓடினாள். முன்சீட்டில் நான் மட்டும் இருந்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடியில் நான் வைத்திருந்த சந்தனப் பொட்டு, மோதிய அதிர்ச்சியில் பாதி உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்ன வட்டம். அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி.

அது என்ன விளக்கு என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. பிரேக் பிடிக்காமல் போன வண்டியில் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி. இதற்கு மேல் யார் என்ன சொல்ல வேண்டும்?

மிச்சச் சந்தனத்தை நகத்தால் பெயர்த்தேன். குங்குமம் கண்ணாடியில் இழுபட்டது. எச்சில் தொட்டுத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆன பிறகுதான் இறங்கி ஓடினேன். அத்தையின் வலது கையை அப்போதுதான் பார்த்தேன்.

அனு, இதை உனக்கு அனுப்புவேனா என்று தெரியவில்லை. பக்கத்தில் அம்மா படுத்திருக்கிறாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.  நீ மதுரைக்குப் படிக்கப் போன பிறகு இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

நர்சிங் சீட்டுக்குக் காத்திருக்கிற இந்த மாதங்களில் நான் அம்மாவோடு ஏலக்காட்டுக்குப் போகிறேன். நாலு மணிக்கு எழுந்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஊருக்கு ரோடு பிரிகிற சிலமலை விலக்கில் வந்து நிற்போம். ஐந்து மணிக்கு ஜீப்பு வரும். போடிமெட்டு ஏறி, மாநில எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி எஸ்டேட்டுக்குப் போவதற்குள் விடிந்துவிடும். நீ ஒருநாளும் வந்ததில்லை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரில், ஈர மண்ணை ஒட்டி, சரம்சரமாகப் படர்ந்து கிடக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குத்தவைத்து, முற்றின காயை மட்டும் பார்த்து, பக்கத்துப் பூவும் பிஞ்சும் உதிராமல் திருகி எடுக்க வேண்டும். எழுந்தால் நேரம் போகும். அதனால் குத்தவைத்தபடியே அடுத்த தூருக்கு நகர வேண்டும். காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்து, தானாக விழுந்த பிறகுதான் ஏறியதே தெரியும். மாலையில் முட்டியை நிமிர்த்தும்போது உடம்பில் ஏதோ முறிகிற மாதிரி இருக்கும்.

ஜக்கம்மாள் அத்தை மட்டும் இரண்டு கையாலும் எடுப்பாள். வலது கை ஒரு சரத்தில், இடது கை வேறு சரத்தில். வாய் என்னோடு பேசிக்கொண்டிருக்கும். என்னைவிட இரண்டு மடங்கு காய் எடுத்துவிட்டு, "ஏ மருமகளே, காய எடுக்கிறியா, இல்ல அதுக்கு ஊசி போட நரம்பு தேடுறியா?" என்று கேட்பாள். அத்தை என்றால் ஊர் முறைதான். ஆனால் சொந்த அத்தைகூட என்னை அப்படிச் சீண்டியதில்லை.

முதலாளி ராம்பிரசாத் போடியில் இருக்கிறார். அவருடைய பழைய ஜீப்பு ஏற்றத்தில் புகை கக்கும், வளைவுக்கு வளைவு தண்ணீர் கேட்கும். பதினைந்து நாள் முன்னால் புது ஜீப்பு வாங்கினார். வெள்ளை நிறம், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். மறுநாளே நேரத்தை மாற்றிவிட்டார்.

"புது வண்டி வெரசா போகுதுல்ல? அப்ப சாயங்காலம் அரைமணி நேரம் கூட நின்னு எடுங்க. வீட்டுக்கு எப்பவும் போற நேரத்துக்குப் போயிருவீக."

"வேகமாப் போறது வண்டி, மொதலாளி. முட்டி எங்களோடது, அது பழசுதான்," என்றாள் சந்திரவல்லியக்கா. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். முதலாளி சிரித்துவிட்டு நகர்ந்தார். அரைமணி நேரம் நகரவில்லை. ஒன்பது பேர் உட்காரும் வண்டியில் பதினேழு பேர் ஏறுவதும் மாறவில்லை. அத்தை வழக்கம்போலப் பின்பக்கப் படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

பூஜை அன்றைக்குத்தான் அந்தப் பொட்டு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து முடித்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பன்னெண்டாவது முடிச்ச பிள்ள, நீ வையி பொட்டு. ஒன் கைராசி எப்படின்னு பாப்போம். ஒரு மண்டலத்துக்கு யாரும் அதத் தொடப்பிடாது, கேட்டுக்கங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. முன்கண்ணாடியில் வைத்தேன், ஸ்டியரிங்கில் வைத்தேன். மீட்டரைப் பார்த்தேன். வண்டி அணைந்திருந்ததால் உள்ளே எல்லாம் கறுப்பாக இருந்தது. கறுப்புக்குள் மங்கலாகச் சின்னச்சின்ன வட்டங்கள். பொட்டு வைக்கவே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தன. மூன்று வட்டத்தின் மேல் கட்டியாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். மாரீஸ்வரன் அண்ணன்கூட, "அளவாத்தான் வைக்கிற பிள்ள," என்றார்.

போன திங்கட்கிழமை விடியுமுன், கொண்டைஊசி வளைவு ஏறிக்கொண்டிருக்கும்போது, நடுப்பொட்டின் குங்குமம் உள்ளிருந்து சிவந்து ஒளிர்ந்தது. தணல் மாதிரி. நான்தான் முதலில் பார்த்தேன். நான்தான் கத்தினேன், "அம்மா, பொட்டு எரியுது பாரு!"

பின்னால் இருந்து ஒவ்வொருத்தராக எட்டிப் பார்த்தார்கள். சந்திரவல்லியக்காவே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்து உக்காந்திருக்கா," என்றாள். பதினேழு பேரும் கும்பிட்டோம். மாரீஸ்வரன் அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் அந்தக் குங்குமத்தைத் தொடாமல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கைராசிக்காரி" என்று அன்றைக்கு முழுக்க என்னைத்தான் பேசினார்கள். செவ்வாயும் கும்பிட்டோம். புதனும் கும்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இறங்கி வந்ததும் அண்ணன் விலக்கில் வண்டியை நிறுத்தி முதலாளிக்குப் போன் போட்டார். காதில் வைத்தால் கேட்காத போன் அது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நாங்கள் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தோம்.

"மொதலாளி, பிரேக் பெடல் கீழ எறங்குது. ரெண்டு மூணு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது. நாளைக்கு ஒருநா காட்டிட்டு வந்துர்றேன்."

"புது வண்டிப்பா! அந்தப் பழைய ஜீப்ப மிதிச்ச மிதியவே இதயும் மிதிக்காத. கால் பழகணும்."

"இல்ல மொதலாளி, இது வேற மாதிரி…"

"மழைக்குக் காய் வெடிச்சுக்கிட்டு கெடக்கு, வண்டிய நிறுத்துங்கிற. அடுத்த வாரம் மொத சர்வீசு இருக்குல்ல, அப்பப் பாப்பாக. ஒனக்கு ஓட்ட வருமா வராதா, அதச் சொல்லு."

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டார். நாங்கள் வீட்டுக்குப் போனோம். எல்லோரும் கேட்டோம், அனு. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

வியாழக்கிழமை செக்போஸ்ட் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. அண்ணன் இரண்டு முறை, மூன்று முறை மிதித்தார். ஒன்றுமில்லை. கியரைக் குறைத்தார், வண்டி உறுமியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், பின்பக்கம் வழுக்கியது. மூடுபனி. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, அடி தெரியவில்லை.

"எல்லாரும் உள்ள சாஞ்சுக்கங்க! பாறையில ஒரசப்போறேன்! கைய உள்ள எடுங்க!"

சாய்வதற்கு உள்ளே இடம் எங்கே இருந்தது? அத்தை கம்பியை விட்டால் ரோட்டில் விழுவாள். விடாமல் பிடித்திருந்தாள். வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் அந்தக் கை போனது.

தேனி ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. மயக்கம் தெளிந்ததும் அத்தை கட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.  என்னை ஒரு சீண்டல் சீண்டியிருந்தால்கூட நான் அழுதிருப்பேன்.

வண்டி விற்ற இடத்திலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார். பிரேக் ஆயில் போகிற குழாயை இணைப்பில் சரியாக முடுக்காமலே அனுப்பியிருக்கிறார்கள். சொட்டுச்சொட்டாகக் கசிந்து தீர்ந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற மாரீஸ்வரன் அண்ணனிடம் அவர் வாயாலேயே சொன்னார். அறிக்கையில் எழுதும்போது அது மாறிவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது, டிரைவர் பார்த்தும் நிறுத்தவில்லை என்று எழுதினார்கள். விற்றவருக்கும் அது வசதி, வாங்கினவருக்கும் அது வசதி. அண்ணனை ஸ்டேஷனில் ஒருநாள் முழுக்க உட்கார வைத்தார்கள்.

"வெளக்கா? நான் எந்த வெளக்கையும் பாக்கலையே. அங்க பொட்டுல்ல இருந்துச்சு?" என்று அவர் சொன்னாராம். "எங்க பொட்டு? மீட்டர் கண்ணாடி சுத்தமால்ல இருக்கு?" என்று கேட்டார்களாம்.  அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதை அம்மா வந்து சொன்னபோது நான் அடுப்படியில் நின்றிருந்தேன். துப்பட்டா, பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. துவைக்கப் பயம், எரிக்கவும் பயம். இரண்டு நாளாக நான் சோறு தின்றதாக நினைவில்லை.

இன்று காலை, சனிக்கிழமை, ஐந்து மணிக்கு விலக்கில் நின்றோம். பழைய ஜீப்பு வந்தது. பின்னாலேயே காரில் முதலாளியும் வந்தார். கையில் ஒரு தாள்.

"ஏறுறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுருங்க. தெரியாதவுக கைநாட்டு வைங்க. ஜக்கம்மாளுக்கு இன்சூரன்சு வாங்கிக் குடுக்கணும்ல, அதுக்குத்தான்."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

"ஒன் மகளே படிக்கட்டும். படிச்ச பிள்ளதான?"

தாள் என் கைக்கு வந்தது. கார் வெளிச்சத்தில் படித்தேன். தேதி, வண்டி நம்பர், இடம். அப்புறம், "எச்சரிக்கை விளக்கு தொடர்ந்து எரிந்ததை நாங்கள் பார்த்துச் சொல்லியும் ஓட்டுநர் கவனக்குறைவாக…"

அதோடு நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாதம்மா, படி. நேரமாகுது."

மாரீஸ்வரன் அண்ணன் சற்றுத் தள்ளி, பால்வண்டி நிற்கிற இடத்தில் தனியாக நின்றிருந்தார். வேலை இல்லை என்று சொன்ன பிறகும் ஐந்து மணிக்கு வந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன்.

"அண்ணன் பாக்கல," என்றேன். "பாக்க முடியாது. வெளக்கு மேல நான் பொட்டு வெச்சிட்டேன். திங்கக்கெழமலேர்ந்து எரிஞ்சது அந்த வெளக்குதான். வண்டி மோதுனதும் நான்தான் தொடச்சேன்."

பக்கத்துத் தெருவில் இருக்கிற வீட்டுக்கு ஓடிப் போய்த் துப்பட்டாவைக் கொண்டுவந்து, கார் வெளிச்சத்தில் விரித்தேன். மஞ்சளும் சிவப்புமாகக் கறை.

எல்லோரும் குனிந்து கறையைப் பார்த்தார்கள். சந்திரவல்லியக்காதான் முதலில் நிமிர்ந்தாள். "அடிப் பாவி. அப்ப மூணு நாளா நாம கும்பிட்டது பிரேக் லைட்டயாடி?"

யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததற்கே அழுதார்கள். அம்மா கை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. முதலாளி குரல்தான் விழுந்தது.

"கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்? கைராசியா இருக்கட்டும்னு கூப்ட்டுக் குடுத்தேன். ஒருத்தி கையவே வாங்கிட்டா! சாட்சியத் தொடச்சிருக்கா. போலீசுக்குச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நர்சு வேலைக்கா போகப்போறா இவ?"

அம்மாவின் ஓங்கிய கை அப்படியே முதலாளி பக்கம் திரும்பியது. என் அம்மா மாயக்காள் அவர் முன்னால் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

"பொட்டு வெச்சது எம்மக. வையின்னது நீங்க. ஒரு மண்டலத்துக்குத் தொடாதன்னதும் நீங்க. கும்பிட்டது நாங்க பதினேழு பேரு. சரி மொதலாளி, அது எங்க புத்தி. பெடல் எறங்குதுன்னு செவ்வாக்கெழம இந்த எடத்துல நின்னு அவன் சொன்னானே, அதுக்கு மேலயும் பொட்டா வெச்சிருந்தோம்? ஒங்க காதுலயா வெச்சிருந்தா எம்மக?"

"மாயக்கா, பாத்துப் பேசு."

"பாத்துத்தான் பேசுறேன். இத்தன நா பாக்காமத்தான் பேசல."

"போன்ல என்ன பேசுனேன்னு எவ கேட்டா?"

"நான் கேட்டேன்," என்றாள் சந்திரவல்லியக்கா. "கால் பழகணும்னீக." பின்னாலிருந்து இன்னொரு குரல், "ஓட்ட வருமா வராதான்னீக." இன்னொன்று, "காய் வெடிக்குதுன்னீக." ஒவ்வொருத்தியிடமும் ஒரு துண்டு இருந்தது. சேர்த்தால் முழு போன் பேச்சும் வந்துவிடும் போலிருந்தது.

முதலாளி தாளை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. பாதி கிழிந்து அவர் கையோடு போனது.

"ஏறுறவுக ஏறுங்க. ஏறாதவுகளுக்கு இனிமே வண்டியும் இல்ல, காடும் இல்ல. ராசிங்காபுரத்துல ஒரு சத்தம் குடுத்தா ரெண்டு வண்டி ஆளு வரும்."

பழைய ஜீப்பு புகைவிட்டுக்கொண்டு நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது அரைமணி நேரம். ஒருத்திகூட ஏறவில்லை. முதலில் அம்மா தூக்குவாளியை ரோட்டில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து ஒவ்வொரு வாளியாகத் தரையில் வைக்கிற சத்தம். ஜீப்பு காலியாக மலையைப் பார்த்துப் போனது. கார் போடிக்குத் திரும்பியது.

மாரீஸ்வரன் அண்ணன் வந்து என் முன்னால் குத்தவைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"நான் குருடாகிட்டேனோன்னு ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன் பிள்ள," என்றார். அவ்வளவுதான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கிழிந்த தாளின் பின்பக்கத்தில் நாங்கள் எழுதினோம். நான் எழுத, அவர்கள் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போன், ஒன்பது பேர் வண்டியில் பதினேழு பேர், மெக்கானிக் வாயால் சொன்னது. அந்தக் குழாயை மாற்றும் முன்னால் அரசாங்க அதிகாரி எங்கள் கண்முன்னால் பார்க்க வேண்டும். ஜக்கம்மாளின் கைக்கு முதலாளிதான் பொறுப்பு. உட்காரும் இடத்துக்கு மேல் ஒரு ஆளும் இனி ஏற மாட்டோம்.

"பொட்டத் தொடச்சத எழுதாத பிள்ள, ஒன்னயும் இழுப்பாக," என்றார் அண்ணன்.

"எழுதட்டும்," என்றாள் அம்மா. "பாதி நெசத்த அவுக எழுதிக்கிறட்டும். நம்ம தாள்ல முழுசா இருக்கட்டும். இழுத்தா அவள மட்டுமா இழுக்க முடியும்? கும்பிட்டவுக எல்லாரும் கைநாட்டு வைங்கடி."

எழுதினேன். கீழே பதினாறு பெயர்.

சந்திரவல்லியக்கா ராசிங்காபுரத்தில் வாக்கப்பட்ட அக்கா மகளுக்குப் போன் போட்டாள். மத்தியானம் பதில் வந்தது. முதலாளியின் ஆள் அங்கே வந்து கேட்டிருக்கிறான். "மொதல்ல ஒங்க வண்டில பிரேக் இருக்கான்னு காட்டச் சொல்லுங்க, அப்பறம் வர்றோம்," என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமையும் அப்படியே சொல்வார்களா? தெரியாது. போலீஸ் என்னைத் தேடி வருமா? தெரியாது. வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் போனை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தாளை எடுத்துக்கொண்டு போனோம். அத்தைக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன், பொட்டிலிருந்து துப்பட்டா வரைக்கும். முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு இடது கையை நீட்டினாள். மை தடவி, பதினேழாவது இடத்தில் இடது கட்டைவிரலை வைத்தாள். வலது கையால் வைக்கப் பழகினவள், அழுத்தம் தெரியாமல் ரேகை கோணலாக விழுந்தது.

அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"ஏ மருமகளே, நீ அந்தப் பொட்ட வைக்கலன்னே வெச்சுக்குவோம். அந்த வெளக்கு நம்ம எல்லாரு கண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு விடியக்காலம் நாம அந்த வண்டில ஏறாம இருந்திருப்போமாடி?"